கரண்ட் இருக்கா

எங்கள் தெருவில் மின்சாரம் போனால் யாரும் முதலில் டார்ச் லைட்டைத் தேட மாட்டார்கள். வாசலுக்கு வருவார்கள். வந்து நின்று எதிர் வீட்டைப் பார்த்து, "உங்க வீட்ல கரண்ட் இருக்கா?" என்று கேட்பார்கள். எதிர் வீடு கண்ணெதிரே இருட்டாகக் கிடக்கும். இருந்தாலும் கேட்பார்கள். இல்லை என்று பதில் வந்தால் ஒரு நிம்மதி. ஊருக்கே இல்லையென்றால் அது நம் தலைவலி இல்லை. நம் வீட்டில் மட்டும் போயிருந்தால்தான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்க்க ஓடவேண்டும்.

நீடாமங்கலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒரு பழக்கம் என்பதே தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "கண்ணு முன்னாடி இருட்டாக் கெடக்கு, அப்பறமும் ஏங்க கேக்குறீங்க?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் வேதாரண்யத்துக்காரி. புயல் அடித்தால் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்து பழகிய ஊர். அங்கே வந்துவிட்டதா என்று கேட்பார்களாம், போய்விட்டதா என்று கேட்க மாட்டார்களாம்.

இப்போது எங்கள் தெருவிலும் யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. கரண்ட் போனால் ஒரு கணம் விளக்கு சிமிட்டும், அவ்வளவுதான். சீரியல் நிற்காது, ஆளும் எழுந்திருக்க மாட்டார். எதிர் வீட்டு அக்கா ஒருத்தர்தான் பாக்கி. நாகப்பட்டினத்துக்காரர். துறைமுகத்திலிருந்து காலையில் மீன் எடுத்து வந்து நீடாமங்கலம் தெருக்களில் விற்கிறார். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. சாயங்காலமானால் வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து அலுமினியப் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருப்பார். "எனக்கு எதுக்கு தம்பி இன்வெட்டரு? கரண்டு இருக்கயிலயே நான் வாசல்லதான குந்தியிருக்கேன்" என்பார்.

நானும் தனியாள்தான். மனைவி மஸ்கட்டில் நர்ஸ். பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் புருஷன் வளைகுடாவுக்குப் போவான், மனைவி ஊரில் இருப்பாள். எங்கள் வீட்டில் தலைகீழாக நடந்துவிட்டது. அதனால் ஊருக்கு நான் ஒரு தமாஷ். நான் கணக்குப் பார்க்கிற அரிசி மில்லில், "என்ன சார், ஊட்டுக்காரம்மா லீவுக்கு வர்றப்ப நமக்கு ஒரு சென்ட்டு பாட்டில் உண்டா?" என்று கேட்பார்கள். கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிவிட்டு நெல் மூட்டையை எண்ணப் போய்விடுவேன்.

இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். முடிந்ததும் இன்னொரு இரண்டு வருஷம் என்றாள். அதுவும் இந்த வருஷத்தோடு முடிகிறது. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறாளா, மூட்டை முடிச்சோடு வந்துவிடப்போகிறாளா என்பது ஒன்றுதான் என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. அவளே சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தேன். வீம்பா, பயமா என்று இப்போது கேட்டால் பயம் என்றுதான் சொல்லவேண்டும்.

போனில் பேசாமலா இருந்தோம் என்றால், தினமும் பேசினோம். வீடியோவில் முகம் தெரியும். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். அங்கே மழையா, இல்லை. முட்டி வலி எப்படி இருக்கு, இருக்கு. முகத்தை முகம் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் இதற்கு மேல் வாய் வருவதில்லை. அவள் அறையில் இன்னும் மூன்று பெண்கள் வேறு. அந்தப் பெண்களில் ஒருத்தி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் என் மனைவி அந்த கம்ப்யூட்டர் கேமைப் பிடித்தாள்.

ஒரு தீவு. வெறும் காடும் கல்லும். மரத்தை வெட்டலாம், வீடு கட்டலாம், வாய்க்கால் எடுக்கலாம், பயிர் வைக்கலாம். நாற்பத்தேழு வயதில் எனக்கு எதற்கு இந்தக் கருமம் என்றுதான் முதலில் எரிந்து விழுந்தேன். "ஒரு தடவை வாங்களேன், புடிக்கலன்னா விட்டுடுங்க" என்றாள். போனேன். திரையில் ஆளுக்கு ஒரு பொம்மை ஆள்; அவளுடைய ஆள் எனக்கு முன்னால் நடக்க, அவள் பேசிக்கொண்டே வந்தாள். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. வார்டில் அன்றைக்குச் செத்துப்போன ஒரு பாகிஸ்தான் டிரைவரைப் பற்றிச் சொன்னாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் உட்கார்ந்திருந்தது அவள்தானாம். போனில் அதை அவள் சொல்லியிருக்கவே மாட்டாள். நான் மரத்தை வெட்டிக்கொண்டே கேட்டேன். அதற்குப் பிறகு எங்கள் குடித்தனம் அந்தத் தீவில்தான் நடந்தது.

அவளுக்கு இரவு டூட்டி. மத்தியானம் தூங்கி எழுந்து கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும். எனக்கு அது சாயங்காலம். மில்லிலிருந்து வந்து, கால் கழுவி, காபி போட்டுக்கொண்டு உட்காருவேன். அவளுடையது ஓட்டை லேப்டாப். அதனால் கேம் முழுக்க என் கம்ப்யூட்டரில் ஓடும். அவளுக்கும் எனக்கும் சேர்த்து என் பெட்டியே படத்தை உண்டாக்கி, அவளுடையதை மஸ்கட்டுக்கு அனுப்பிவிடும். என் பெட்டி ஓடினால் இரண்டு பேருக்கும் தீவு உண்டு. அது நின்றால் அவளும் வெளியே வந்து விழுவாள்.

தீவில் வீடு வளர்ந்தது. முன்னால் ஒரு வாய்க்கால், அதற்கு அப்பால் வயல். ஒருநாள் அவள், "தண்ணி தண்ணியாவே இல்லைங்க. கண்ணாடியப் போட்டு வச்ச மாதிரி இருக்கு. வெண்ணாத்துல வர்ற மாதிரி வேணும்" என்றாள். அப்படிக் காட்ட வேண்டுமென்றால் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். வாங்கினேன். செங்கல் கனத்தில் ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்து பழைய கார்டைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். மற்றதெல்லாம் பழையதுதான், மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளை டப்பாவும் பழையதுதான். அதைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, சரிதான் என்று மூடிவிட்டேன்.

தண்ணீர் ஓடியது. ஆடிப்பெருக்குக்கு வருகிற புதுத்தண்ணீர் நிறத்திலேயே ஓடியது. அவள் வாய்க்கால் கரையில் வந்து நின்றாள். வரப்போரமாக என் ஆள் நிற்க, அவள் ஆள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மனசு நிறைந்துபோயிருந்தது.

"ஏங்க."

"ம்."

"ஒண்ணு சொல்லணும்ங்க."

"சொல்லு" என்றேன். தீவில் மழை பிடித்தது. இலை இலையாகச் சொட்டியது. பட்டென்று எல்லாம் கறுத்துவிட்டது.

நான் பழக்கதோஷத்தில் வாசலுக்கு ஓடினேன். "அக்கா, கரண்ட் போச்சா?" என்று கத்தினேன். தெருவிளக்கு அப்போதுதான் போட்டிருந்தார்கள், என் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது. அக்கா பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கி என்னையும் பார்த்து விளக்கையும் பார்த்தார். "எங்க வீட்ல இருக்கே தம்பி. ஒங்க வீட்ல மட்டுந்தான் போச்சு போலருக்கு" என்றார். திரும்பி உள்ளே வந்தால் கூடத்து மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. போனது பெட்டி மட்டும்தான்.

போன் அடித்தது. "என்னாச்சுங்க?" என்றாள்.

"பெட்டி நின்னுபோச்சு. என்னமோ சொல்லணும்னியே."

"அவசரமில்ல. அப்பறம் சொல்றேன். டூட்டிக்குக் கெளம்பணும்."

அவள் வைத்துவிட்டாள். நான் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெட்டியை எடுத்து வெண்ணாற்றில் வீசியிருப்பேன்.

இந்த ஊரில் மின்சாரச் சாமான் எது படுத்தினாலும் முதல் வைத்தியம் ஃபேஸ் மாற்றுவது. தெருவுக்கு மூன்று கம்பியில் மின்சாரம் வருகிறது. ஒன்றில் வோல்டேஜ் இறங்கினால் மீட்டர் பக்கத்தில் இருக்கிற திருகியைத் திருப்பி அடுத்த கம்பிக்குப் போய்விடுவோம். நாம் திருகுகிற அதே நேரத்தில் தெருவே திருகும். எல்லாரும் சேர்ந்து போய் ஏறியதும் அந்தக் கம்பியும் படுத்துவிடும். பிறகு எல்லாருமே பழையதுக்குத் திரும்புவோம். நானும் திருகினேன். மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். தீவில் வெயில் அடிக்கிற வரைக்கும் பெட்டி ஓடியது. மழை பிடித்தால் நின்றது.

மில் முதலாளி, "ஸ்டெபிலைசர் போடுய்யா" என்றார். அவருக்கு வயிற்றுவலி என்றாலும் ஸ்டெபிலைசர் போடச் சொல்வார். நான் இணையத்தில் படித்தேன். சாப்பிட உட்கார்ந்தாலும் படித்தேன். பவர் சப்ளை என்ற ஒரு டப்பாவுக்கு இத்தனை பேர் இத்தனை பக்கம் எழுதி அடித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கடைசியில் புரிந்தது. கார்டு சும்மா ஓடும்போது இழுக்கிற மின்சாரம் வேறு, படம் கனக்கிறபோது கண்ணிமைக்கிற நேரத்துக்குச் சட்டென்று இழுக்கிற மின்சாரம் வேறு. அந்த இழுப்பைப் பழைய டப்பாவால் தாங்க முடியவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. மில்லில் மோட்டார் கிளம்புகிற சமயத்தில் விளக்கெல்லாம் மங்குமே, அதே சமாசாரம். இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிற விஷயம் என் வீட்டுப் பெட்டிக்குள் நடந்தால் எனக்குப் புரியவில்லை.

புரிந்ததும் டெல்டாக்காரன் புத்தி வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அஞ்சு எச்.பி. மோட்டார் போதும் என்று சொன்னால் ஏழரை வாங்குவோம். தண்ணீர் கீழே போய்விட்டால் என்ன செய்வது என்போம். எண்ணூறு வாட் போதுமென்று கணக்கு வந்தது. நான் ஆயிரத்து இருநூறு என்று முடிவு செய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் தஞ்சாவூருக்குக் கிளம்பினேன்.

மாடிப்படி ஏறிப் போகிற சின்னக் கடை. கடைக்காரர் ஒரு பாய். துபாயில் நெடுங்காலம் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் இருந்துவிட்டு வந்து இங்கே போட்டிருக்கிறார். நான் ஆயிரத்து இருநூறு என்றதும், "வீட்ல வெல்டிங் பட்டறை எதுவும் வச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டார். நான் முறைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே மூன்று டப்பாக்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். வெண்கலம், தங்கம், பிளாட்டினம் என்று தரம் எழுதியிருந்தது.

"இது எவ்வளவு தாங்கும்ங்கறதுக்கு இல்லண்ணே. வாங்குற கரண்ட எவ்வளவு சூடாக்கி வீணடிக்காம குடுக்குதுங்கறதுக்கு. தங்கம் போதும். ஆயிரம் வாட் எடுத்துக்கங்க. சும்மா இருக்கறப்ப வெசிறிகூட சுத்தாது, சத்தமே இருக்காது."

நான் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிக் கனம் பார்த்தேன். மில்லில் அரிசி சிப்பத்தைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம். கனமாக இருந்தால் உள்ளே செம்பு நிறைய இருக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில் அவர் சொன்னதும் என் கைக்குக் கனமாக இருந்ததும் ஒன்றாகவே அமைந்தது. ஆயிரம் வாட்.

"பெட்டியத் தொட்டா கை லேசா சுருசுருங்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப எர்த்து சரியில்ல. அதப் பாருங்க" என்றார். பிறகு டப்பாவைப் பொதிந்துகொண்டே, விளையாட்டு யாருக்கு என்று கேட்டார். எனக்கும் என் மனைவிக்கும் என்று சொன்னேன். மஸ்கட்டில் இருக்கிறாள் என்றும் சொன்னேன். யாரிடமும் அவ்வளவு சொல்கிறவன் இல்லை நான். என்னவோ சொல்லிவிட்டேன்.

"எப்ப வர்றாங்க?"

"இந்த வருஷம் முடியிது."

அவர் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். "நான் துபாய்ல இருக்கறப்ப எங்க வீட்லயும் கேக்கும், எப்ப வருவீங்கன்னு. அடுத்த வருஷம்னு சொல்லுவேன். சொல்றப்ப நெசமாத்தாண்ணே சொல்லுவேன்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த வாரம் எனக்கு வேலை சரியாக இருந்தது. எர்த் கம்பி புதைத்த குழியைத் தோண்டிப் பார்த்தால் மண் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கரியும் உப்பும் போட்டு நிரப்பச் சொன்னார் எலெக்ட்ரீஷியன். மச்சான், அதாவது அவள் தம்பி, வேதாரண்யத்திலிருந்து போன தடவை கொண்டுவந்து போட்ட உப்பு ஒரு மூட்டை அடுப்படியில் இருந்தது. தனியாளுக்கு எத்தனை உப்பு வேண்டும்? பாதியைக் குழியில் கொட்டினேன். போனில் சொன்னதற்கு, "எங்க ஊரு உப்ப குழியில கொட்டுனீங்களா?" என்று சிரித்தாள். சிரிப்பு வழக்கம்போலவே இருந்தது. கொஞ்ச நாள் அவளுக்கு டூட்டி மாறியிருந்தது. தீவுக்கு வரவில்லை. நான் தினமும் காலையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவள் வருகிற நாளுக்குப் பெட்டி தயாராக இருக்க வேண்டும் என்று இருந்தேன்.

வந்தாள். மழையை நானே வரவழைத்தேன். தீவில் அடைமழை கொட்டியது. பெட்டி அசையவில்லை. பாய் சொன்னபடி சத்தமே இல்லை. "நிக்கல பாத்தியா" என்றேன் பெருமையாக.

"ஆமாங்க, நல்லாருக்கு." வீட்டுக்குள் வந்து ஜன்னல் பக்கம் நின்றாள். "நான் போன தடவை ஒண்ணு சொல்ல வந்தேன்ல" என்று ஆரம்பித்தாள்.

ஊரில் கரண்ட் போயிற்று. இந்தத் தடவை உண்மையாகவே போயிற்று. கூடத்து விளக்கு சிமிட்டி இன்வெர்ட்டரில் எரிந்தது, மின்விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது, டிவிகூட வந்திருக்கும். பெட்டி மட்டும் செத்துவிட்டது.

பழைய ஓட்டை டப்பா இன்வெர்ட்டரில் எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. புதிது, தங்கம், ஆயிரம் வாட், அது ஓடவில்லை. வாசலில் அக்கா, "இப்ப தெருவுக்கே இல்ல தம்பி, கவலப்படாதீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டாக இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

பாய்க்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வீட்டு இன்வெர்ட்டர் கொடுக்கிற கரண்ட் கரடுமுரடாக இருக்கும், விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும், இந்த மாதிரி நல்ல டப்பா அதை ஏற்றுக்கொள்ளாது என்றார். "நல்ல பொருளுண்ணே, அதான் அடம் புடிக்குது. லைன்ல வர்ற மாதிரியே சீரா குடுக்குற யூ.பி.எஸ். ஒண்ணு தனியாப் போட்டுக்கங்க." மறுபடியும் பாசஞ்சர். மறுபடியும் மாடிப்படி. அதையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். வீட்டில் மெயினை அணைத்து அணைத்துப் பார்த்தேன். தெரு இருட்டினாலும் தீவு எரிகிற ஏற்பாடு முடிந்தது. இனி எவனாலும் எங்களை வெளியே தள்ள முடியாது என்று அந்த டப்பாக்களைப் பார்த்துச் சொன்னேன். தனியாக இருப்பவன் டப்பாவோடு பேசுவது சகஜம்தான்.

அடுத்து அவள் தீவுக்கு வந்த அன்றைக்கு ஊரில் கரண்ட் போகவே இல்லை. காற்றுகூட இல்லாத சாயங்காலம். சம்பா நாற்றுவிட்ட நேரம், மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. வோல்டேஜ் இறங்கி டியூப்லைட் மங்கிய போதும் பெட்டி கண்டுகொள்ளவில்லை. தீவில் அவள் வயலில் இறங்கி நின்றாள். நான் வரப்பில் நின்றேன்.

"ஏங்க, இப்ப நிக்காதுல்ல?"

"நிக்காது. நீ சொல்லு."

"கையெழுத்துப் போட்டுட்டேங்க."

என் ஆள் வரப்பில் சும்மா நின்றான். நாம் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த ஆட்கள் மூச்சுவிடுகிற மாதிரி லேசாக அசைந்துகொண்டிருப்பார்கள். அவளும் அப்படித்தான் அசைந்துகொண்டிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"எப்ப?"

"நீங்க தஞ்சாவூருக்குப் போனீங்கல்ல, அந்த பவர் சப்ளை டப்பா வாங்க. அதுக்கு அடுத்த நாள்."

"அப்ப அன்னிக்கு மொத தடவை சொல்ல வந்தது?"

"அன்னிக்கு சொல்ல வரல. கேக்கத்தான் வந்தேன். போடவா, வந்துடவான்னு." என்றாள். "பெட்டி நின்னுபோச்சு. ஒடனே போன்ல கேட்டிருக்கலாம். ஆனா நின்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. ஏன் அப்பாடான்னு இருக்குன்னு நெனச்சுப் பாத்தேன். நீங்க வந்துடுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்திருக்கேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. வார்டில் ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

"ரெண்டாவது தடவைதான் சொல்ல வந்தேன். அப்பவும் போயிடுச்சு. எனக்கு இங்க புடிச்சிருக்குங்க. காசுக்குன்னு நெனைக்காதீங்க. அங்க வந்தா காலையில எழுந்து உங்களுக்கு டிபன் கட்டிக் குடுத்துட்டு நாள் பூரா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும். இங்க ஒரு வார்டே என்னைக் கேட்டுத்தான் நடக்குது. உங்க மேல ஒண்ணும் இல்ல. நெசமாவே ஒண்ணும் இல்ல."

இந்த இடத்தில் அது நின்றிருக்க வேண்டும். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. விசிறிகூடச் சுற்றவில்லை. பக்கத்தில் யூ.பி.எஸ். தயாராக உட்கார்ந்திருந்தது. கை நீட்டினால் சுவிட்ச். அணைத்துவிட்டு, கரண்ட் போயிடுச்சு என்று நானே சொல்லிக்கொள்ளலாம். அவளும் நம்புகிற மாதிரி சரி என்றிருப்பாள்.

அணைக்கவில்லை. "ரெண்டு வருஷமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம்."

"சரி."

"கோவமா?"

"கோவமில்ல" என்றேன். அது பொய். ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியாமல்தான் சொன்னேன். அவள் மேல் இல்லை. நான் கேட்டிருந்தால் அவள் அன்றைக்கே சொல்லியிருப்பாள். நான் கேட்காமல் எந்த டப்பா எத்தனை வாட் என்று படித்துக்கொண்டிருந்தேன். படிப்பதற்கும் அலைவதற்கும் அதில் நிறைய இருந்தது, அதனால் நன்றாக இருந்தது.

அவள் வயலிலிருந்து ஏறி வரப்புக்கு வந்தாள். என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தோம். வெண்ணாற்றில் வருகிற மாதிரியே வந்துகொண்டிருந்தது. "டூட்டிக்கு நேரமாச்சுங்க. நாளைக்கு வர்றேன்" என்றாள். "வா" என்றேன். அவள் இருந்த இடம் காலியாயிற்று. தீவு திரையில் அப்படியே ஒளிர்ந்துகொண்டிருந்தது, மழையும் இல்லை, ஒன்றும் இல்லை, நான் மட்டும் வரப்பில் நின்றேன்.

எழுந்து வாசலுக்கு வந்தேன். தெருவிளக்கு எரிந்தது. எல்லா வீட்டு ஜன்னலிலும் வெளிச்சம், எல்லா வீட்டிலும் டிவி சத்தம். எதிரே அக்கா குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரிடமாவது எதையாவது கேட்டால்தான் நிற்க முடியும் போலிருந்தது. எனக்குக் கேட்கத் தெரிந்தது ஒன்றுதான்.

"அக்கா, கரண்ட் இருக்கா?"

அவர் தலையைத் தூக்கினார். எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே எரிகிற விளக்கை ஒரு தடவை பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இருக்கு தம்பி" என்றார். "ஒங்க வீட்ல?"

"எங்க வீட்லயும் இருக்கு."

அவர் பாத்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். நான் தெருவைத் தாண்டிப் போனேன்.